அப்பாவுக்கு யார் கிட்னி கொடுப்பது? தானம், மொய், சட்டம் – சில வாசிப்புக் குறிப்புகள்

பெற்றோரில் ஒருவருக்குக் கிட்னி செயலிழந்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு பேச்சுகள் நடக்கும். ஒன்று சத்தமாக: எந்த ஆஸ்பத்திரி, வாரத்துக்கு எத்தனை டயாலிசிஸ், எவ்வளவு ஆகும், இன்சூரன்ஸ் வருமா வராதா. இன்னொன்று சத்தமே இல்லாமல்: யார் கொடுப்பது? இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் "உனக்கு என்ன பிளட் குரூப்?" என்று பெரியவர்கள் விசாரிக்கிற தொனியிலேயே அது வந்துவிடும்.

இந்தக் கேட்கப்படாத கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டவற்றைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். மூன்று பிரதிகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஷாரன் காஃப்மன், ஆன் ரஸ், ஜேனட் ஷிம் மூவரும் சேர்ந்து 2006-ல் 'அமெரிக்கன் எத்னாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரை. வயதான உடல்கள், உறவு, கிட்னி மாற்று பற்றியது. லாரன்ஸ் கோஹன் 1999-ல் 'டேடலஸ்' இதழில் எழுதியது. இதற்குக் களமே சென்னைதான். மூன்றாவது, நம்முடைய மனித உறுப்பு மாற்றுச் சட்டம், 1994. சட்டத்தையும் ஒரு பிரதியாகப் படிக்கலாம். அதிலும் ஒரு கதைசொல்லி இருக்கிறார், அவருக்கும் கண்ணில் படாத இடங்கள் இருக்கின்றன.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கட்டுரை அன்பின் அழுத்தத்தைத் துல்லியமாகப் பார்க்கிறது. நம் சட்டம் பணத்தின் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு, அன்பைச் சுத்தமான பொருள் என்று விட்டுவிடுகிறது. உண்மையில் இரண்டும் ஒரே குழாயில் ஓடுகிற தண்ணீர். ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பீறிடும்.

1. வேண்டாம் என்று சொல்லி, பிறகு வாங்கிக்கொள்வது

காஃப்மன் குழுவின் கேள்வி எளிமையானது. கிட்னி மாற்று ஒரு காலத்தில் இளையவர்களுக்கான அபூர்வ சிகிச்சை. அது எழுபது வயதுக்காரருக்கும் சாதாரணமாகிவிட்டால் குடும்பத்துக்குள் என்ன மாறுகிறது? அவர்கள் நோயாளிகளிடமும் கொடுத்தவர்களிடமும் மருத்துவர்களிடமும் பேசிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வருகிற காட்சி இது: அம்மாவோ அப்பாவோ முதலில் "பிள்ளையிடமிருந்து வாங்க மாட்டேன்" என்கிறார். பிள்ளை "நான் கொடுக்கிறேன்" என்கிறது. கொஞ்ச நாளில் அந்த மறுப்பு கரைந்துவிடுகிறது. கடைசியில், எந்த இடத்தில் முடிவெடுத்தோம் என்று அவர்களுக்கே தெரிவதில்லை.

கட்டுரையின் பலம் இங்கேதான். மருத்துவம் ஒரு வழியைச் சாத்தியமாக்கிய உடனே அது வெறும் வாய்ப்பாக நிற்பதில்லை, கடமையாகிவிடுகிறது. கொடுக்காத பிள்ளை, 'கொடுக்காமல் இருந்த பிள்ளை' ஆகிவிடுகிறது. முன்பு அந்தப் பெயரே கிடையாது, ஏனென்றால் கொடுப்பதற்கான வழியே கிடையாது.

திசை மாறியதையும் கவனிக்கணும். 1952-ல் பாரிஸ் நெக்கர் மருத்துவமனையில், உயிரோடு இருக்கும் உறவினரின் கிட்னியைப் பொருத்திய புகழ்பெற்ற ஆரம்பகால முயற்சி நடந்தது. அதில் கொடுத்தவர் தாய், வாங்கியவர் மகன். கிட்னி சில வாரங்களே வேலை செய்தது. முழு வெற்றி 1954-ல் பாஸ்டனில், ஒட்டிப் பிறந்தது போல ஒரே மாதிரியான இரட்டைச் சகோதரர்களிடையே. தாயிடமிருந்து மகனுக்கு, சகோதரனிடமிருந்து சகோதரனுக்கு என்பதெல்லாம் மனசு லேசில் ஏற்றுக்கொள்கிற திசைகள். இளையவர் உடலிலிருந்து முதியவர் உடலுக்கு என்பது மேடேறும் தண்ணீர். அதை ஏற்ற ஒரு பம்ப் வேண்டும். அந்த பம்ப் அன்பு என்கிறது கட்டுரை. ஒப்புக்கொள்கிறேன்.

குறை எங்கே? கட்டுரையின் மனிதர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய அமெரிக்கா நிற்கிறது. அங்கே அப்பாவுக்குக் கிட்னி வேண்டும் என்றால் காரின் பின்கண்ணாடியில் எழுதி ஒட்டலாம், சாலையோரம் விளம்பரப் பலகை வைக்கலாம். ஒருத்தர் டிஸ்னி வேர்ல்டுக்கு டி-ஷர்ட்டில் தன் ரத்த வகையையும் போன் நம்பரையும் அச்சடித்துப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் படம் பரவி, முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்தார். விற்பது அங்கேயும் 1984 முதல் குற்றம். ஆனால் அந்நியர் சும்மா கொடுப்பது குற்றமில்லை, அதைக் கேட்பதும் குற்றமில்லை. ஆக, அந்தப் பிள்ளைகளுக்கு "வேறு யாராவது கிடைக்கலாம்" என்கிற மெல்லிய காற்று இருக்கிறது. நம் வீடுகளில் அந்த ஜன்னல் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. அதை மூடியது எது என்று பார்க்கணும்னா மூன்றாவது பிரதிக்குப் போகணும்.

2. சித்தப்பா அப்பா இல்லை: சட்டத்தின் உறவுமுறை

1994 சட்டத்தில் 'நெருங்கிய உறவினர்' என்றால் கணவன்/மனைவி, மகன், மகள், தந்தை, தாய், சகோதரன், சகோதரி. 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி சேர்ந்தார்கள். இதற்கு வெளியே உள்ள எவர் கொடுத்தாலும் "அன்பு, பற்று அல்லது வேறு சிறப்புக் காரணம்" என்று நிரூபித்து, அங்கீகாரக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தப் பட்டியலைத் தமிழில் படித்தால் ஒரு விநோதம் தெரியும். அப்பாவின் தம்பியை நாம் *சித்தப்பா* என்கிறோம், சின்ன அப்பா. அம்மாவின் அக்கா *பெரியம்மா*. அவர்கள் பிள்ளைகள் 'கசின்' இல்லை, அண்ணன், தங்கை. மொழியே இவர்களை அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் என்ற பெட்டிக்குள் வைத்துவிட்டது. சட்டத்துக்கு இவர்கள் எல்லாரும் வெளியாள். மருமகளும் வெளியாள். மாமனாரின் மாத்திரை நேரத்தையும் டயாலிசிஸ் நாளையும் மனப்பாடமாக வைத்திருப்பவள் அவளாக இருக்கலாம். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

அதில் தப்பு இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிட முடியாது. பட்டியலைச் சுருக்கியதற்குக் காரணம் உண்டு: 'தூரத்து அண்ணன்' என்ற பெயரில்தான் புரோக்கர்கள் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்தச் சுருக்கல் சந்தேகத்தை எப்படிப் பங்கிடுகிறது என்று பாருங்கள். வெளியாள் என்றால் குழுவின் முன் நேர்காணல், இருவரின் கடந்த 3 நிதியாண்டு வருமானச் சான்று, ஏன் கொடுக்கிறார் என்ற விசாரணை. நெருங்கிய உறவு என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரி அளவிலேயே தகுதியுள்ள அதிகாரி பார்த்து முடிக்கிறார். அங்கே நிரூபிக்க வேண்டிய முக்கிய விஷயம் *உறவு*. ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, தேவைப்பட்டால் மரபணுச் சோதனை. மகள்தான் என்று உறுதியாகிவிட்டால் கேள்வியின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

சட்டம் அழுத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று சொன்னால் அது நியாயமில்லை. யாருடைய வற்புறுத்தலும் இல்லை என்று கொடுப்பவர் எழுதிக் கொடுக்கணும். பெண் கொடுத்தால் கூடுதல் கவனம் வேண்டும், அவளுடைய சுயமான சம்மதத்தைப் பெறுபவர் அல்லாத ஒருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று 2014 விதிகள் சொல்கின்றன. ஆக, எழுதியவர்களுக்கு நம் வீடுகள் தெரிந்திருக்கின்றன. ஆனால் "பெறுபவர் அல்லாத ஒருவர்" என்றால் யார்? அது அவள் அண்ணனாக இருந்தால்? அப்பாவுக்குத் தான் கொடுக்க முடியாமல், தங்கை கொடுத்தால் போதும் என்று காத்திருக்கும் அண்ணன்?

3. கேட்கக் கூசி, வாங்கப் போவது

கோஹனின் கட்டுரை மூன்றில் எனக்கு அதிகம் உதவியது. 1980-கள், 90-களின் சென்னையில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பட்டப்பெயர் இருந்தது நினைவிருக்கலாம். அங்கே கிட்னி விற்ற பெண்களிடம் கோஹன் பேசினார். அவர்கள் சொன்னது கடன். வட்டிக்காரர் வாசலில் நின்றார், கணவனின் உடம்பு வேலைக்கு வேண்டும், அதனால் நான் போனேன். இதில் பலர் ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்பதையும் கவனித்து எழுதுகிறார். ஒருமுறை அரசுக் கத்தியைப் பார்த்த உடம்பு, இரண்டாம் முறைக்கும் கிடைக்கிற உடம்பாகிவிடுகிறது.

எங்கள் ஊர்க் கதையாக இதைப் பலர் எடுத்துச் சொல்லியாயிற்று. நான் நிறுத்திப் படித்தது வேறொரு இடம். வாங்குகிற பக்கத்தின் தர்க்கத்தையும் கோஹன் பதிவு செய்கிறார். காசு கொடுத்தால் கிடைக்கும்போது, நான் நேசிக்கிற ஒருத்தரை எதற்காக ஆபத்தில் தள்ளணும்? இந்த வாக்கியத்தில் கொடூரம் மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதில் உண்மையான பாசம் இருக்கிறது. 'பிள்ளையிடமிருந்து வாங்க மாட்டேன்' என்ற அமெரிக்க அம்மாவின் அதே பாசம். வித்தியாசம், அதற்கான விலையை இங்கே வில்லிவாக்கத்துப் பெண் கொடுத்தாள்.

அந்த விலை என்ன என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சென்னையில் கிட்னி விற்ற 305 பேரைப் பேட்டி கண்ட ஆய்வு 2002-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 71 சதவீதம் பெண்கள். 96 சதவீதம் பேர் கடனுக்காக விற்றவர்கள். சராசரியாகக் கைக்கு வந்தது 1,070 டாலர். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, நான்கில் மூன்று பேர் கணக்கெடுத்தபோதும் கடனில்தான் இருந்தார்கள். 86 சதவீதம் பேர் உடல்நிலை மோசமானதாகச் சொன்னார்கள். இன்னொருத்தர் விற்கலாமா என்று கேட்டதற்கு 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இவர்கள் விற்றதில் கணிசமானது சட்டம் வந்த காலத்தை ஒட்டித்தான். 2025-லும் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடமிருந்து கிட்னி வாங்கப்பட்ட விவகாரம் வெளியாகி, மதுரை உயர்நீதிமன்றக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது. தறி, கந்துவட்டி, புரோக்கர். முப்பது வருஷத்தில் ஊர்ப் பெயர்தான் மாறியிருக்கிறது.

காஃப்மன் கட்டுரையோடு சேர்த்து இதைப் படித்தால் கிடைப்பது: பிள்ளையைக் கேட்கக் கூசுகிற மென்மை, புரோக்கருக்குப் போகிற வழியின் முதல் படியாகவும் இருக்க முடியும். சட்டம் அந்த வழியை அடைக்கப் பார்க்கிறது, சரிதான். அடைத்த தண்ணீர் திரும்பி வீட்டுக்குள் வருகிறது. அங்கே அதைப் பார்க்க ஆள் வைக்கவில்லை.

4. தானமா, மொய்யா?

ஆங்கிலத்தில் இதைப் பேசுபவர்கள் 'கிஃப்ட்' என்ற சொல்லையும் மார்செல் மோஸையும் பிடித்துக்கொள்வார்கள். ரெனே ஃபாக்ஸும் ஜூடித் ஸ்வேஸியும், திருப்பித் தர முடியாத இந்தக் கொடை வாங்கியவரையும் கொடுத்தவரையும் எப்படி இறுக்கிக் கட்டுகிறது என்பதைக் 'கொடையின் கொடுங்கோன்மை' என்றார்கள். நல்ல சொல்தான். ஆனால் நம்மிடம் இன்னும் கூர்மையான சொற்கள் கிடக்கின்றன.

போஸ்டர்கள் 'உறுப்பு தானம்' என்கின்றன. தானம் என்றால் கணக்கு வைக்கக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்போம். மூளைச்சாவுக்குப் பிறகு கொடுப்பதற்கு இந்தச் சொல் பொருந்தும். 2008-ல் ஹிதேந்திரன் என்ற பையனின் உறுப்புகளைப் பெற்றோர் கொடுத்தது தமிழ்நாட்டையே அசைத்ததற்குக் காரணம் அது முழுக்கத் தானமாக இருந்ததுதான். 2023 செப்டம்பரிலிருந்து அப்படிக் கொடுப்பவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு. வரவேற்க வேண்டிய விஷயம்.

வீட்டுக்குள் மகள் அப்பாவுக்குக் கொடுப்பது அந்த ரகமில்லை. அது மொய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. மொய்யில் நோட்டு உண்டு, பெயர் உண்டு, யார் எவ்வளவு செய்தார் என்று வருஷக்கணக்கில் ஞாபகம் உண்டு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்தே நடக்கும். மொய்யை இழிவாகச் சொல்லவில்லை. அது ஏழைபாழைகளுக்கு வங்கி. ஆனால் அதில் திருப்பிச் செய்யாதவன் ஊரில் தலைநிமிர முடியாது. பிள்ளை கொடுக்கிற கிட்னி, பெற்று வளர்த்ததற்கான *திருப்பு மொய்* என்றும் எழுதப்படலாம், இனிமேல் வரவேண்டிய *புது மொய்* என்றும் எழுதப்படலாம். அப்பா ஒரு நோட்டு வைத்திருப்பார், மகள் ஒரு நோட்டு, அண்ணன்கள் தனியாக ஒரு நோட்டு. மூன்றும் ஒத்துப்போகணும்னு அவசியமில்லை.

பொதுவெளியில் நடந்த உதாரணம் ஒன்று உண்டு. 2022 டிசம்பர் 5 அன்று சிங்கப்பூரில் லாலு பிரசாத் யாதவுக்கு மகள் ரோகிணி ஆச்சார்யா கிட்னி கொடுத்தார். நாடே 'மகள்னா இப்படி இருக்கணும்' என்றது. அந்தப் பாராட்டு எல்லாம் தான மொழி. 2025 நவம்பரில், பீகார் தேர்தல் தோல்விக்குப் பிறகு அவரே பொதுவில் எழுதினார்: அந்தக் கிட்னியைச் சொல்லிக்காட்டியே, அதற்கு ஈடாகச் சீட்டும் பணமும் பெற்றதாகத் தன்னை இழிவுபடுத்தினார்கள் என்று. அந்தக் குடும்பச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இங்கே விஷயமில்லை. மூன்று வருஷத்தில் தானம் மொய் நோட்டுக்கு மாறிவிட முடிகிறது என்பதுதான் விஷயம். அவ்வளவு பிரபலமான, வசதியான குடும்பத்திலேயே.

5. மகளுக்கு யார் கணக்குச் சொல்வது?

'ஒரு கிட்னியே போதும், ஒண்ணும் ஆகாது' என்பது நம் ஊரில் அதிகம் புழங்கும் வாக்கியம். பெரும்பாலும் உண்மை, முழு உண்மை இல்லை. அமெரிக்க ஆய்வுகளின்படி ஆபரேஷனை ஒட்டி இறக்கும் ஆபத்து, 2009 வரையிலான கணக்கில், 10,000 பேரில் சுமார் 3 ஆக இருந்தது. கொடுத்த 15 வருஷத்தில் தனக்கே கிட்னி முற்றிலும் செயலிழக்கும் ஆபத்து 10,000-க்குச் சுமார் 31. அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களிடம் சுமார் 4. சிறிய எண்தான், ஆனால் பல மடங்கு. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ அதன் தீவிர வடிவமோ வருவது, கொடுத்த பெண்களிடம் 11 சதவீதம், கொடுக்காதவர்களிடம் 5 சதவீதம் என்று 2015-ல் வந்த கனடிய ஆய்வு சொல்கிறது. கல்யாணமாகாத, குழந்தை பெறாத மகளுக்கு இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

இந்த எண்களைச் சொல்வது பயமுறுத்த இல்லை. இவற்றைக் கேட்ட பிறகும் கொடுப்பவர்கள் நிறைய பேர், சந்தோஷமாகவே வாழ்கிறார்கள். ஆனால் கேட்டுவிட்டுக் கொடுப்பதும் கேட்காமல் கொடுப்பதும் ஒன்றில்லை. இந்தியாவில் நடக்கும் கிட்னி மாற்றுகளில் பத்துக்கு எட்டுக்கு மேல் உயிரோடிருப்பவர் தருவது. பெறுபவர்களில் ஆண்கள் பெரும்பான்மை, உயிரோடு கொடுப்பவர்களில் பெண்கள் பெரும்பான்மை. ஆக, 'குடும்பம் கொடுத்தது' என்ற வாக்கியத்தைப் பிரித்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு அம்மாவோ மனைவியோ மகளோ இருப்பாள்.

6. கேட்பவர் வேறு, காப்பவர் வேறு

வெளிநாட்டு நடைமுறைகளில் இரண்டு நமக்குப் பயன்படும் என்று தோன்றுகிறது. ஒன்று, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தொடங்கியது: நோயாளி தானே கேட்காமல், தன் சார்பில் பேச ஒரு நண்பரை நியமிப்பது. கேட்கிற கூச்சம் குறைகிறது. ஆனால் இதை நாம் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் அத்தை ஒருவர் ஏற்கெனவே அந்த வேலையில் இருக்கிறார்!

நமக்கு இல்லாதது இரண்டாவது. பிரிட்டனில் உயிரோடு கொடுக்கும் எவரையும், சொந்த மகளாகவே இருந்தாலும், சிகிச்சைக் குழுவில் சேராத தனி மதிப்பீட்டாளர் ஒருவர் சந்திக்க வேண்டும். கொடுப்பவரோடு தனியாகவும் பேசியாக வேண்டும். உறவு நிரூபணமானதும் கேள்வி முடிவதில்லை, அங்கிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் கொடுப்பவருக்கென்று மட்டும் பேசும் ஒரு சுயேச்சையான ஆள் இருக்கணும் என்ற விதி உண்டு. கடைசி நிமிஷத்தில் மனசு மாறினால், விவரம் சொல்லாமல் 'இவர் பொருத்தமான டோனர் இல்லை' என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லும் வழக்கமும் உண்டு. இந்த ஒரு வரி அந்தப் பிள்ளைக்கு வீடு திரும்ப வழி விடுகிறது.

நம் சட்டத்தில் இதைச் சேர்ப்பது பெரிய காரியமில்லை. வெளியாளுக்கு வைக்கும் விசாரணையில் கால்வாசியை நெருங்கிய உறவுக்கும் வைக்கலாம்: தனி அறை, பெறுபவரோடும் ஆஸ்பத்திரியோடும் சம்பந்தமில்லாத ஒருவர், அரை மணி நேரம், ஆபத்துக் கணக்கு தமிழில், மறுத்தால் காரணம் வெளியே போகாது என்ற உறுதி. இதனால் கொடுப்பவர் எண்ணிக்கை குறையும் என்று ஒரு வாதம் வரும். கொஞ்சம் குறையலாம். அப்படிக் குறைகிற எண்ணிக்கைதான், இத்தனை நாள் நாம் சம்மதம் என்று எழுதிவைத்த மௌனங்களின் எண்ணிக்கை.

வாங்குகிற பக்கத்துக்கும் ஒரு வார்த்தை. ஷெரீன் ஹம்தி எகிப்து நோயாளிகளைப் பற்றி 2012-ல் எழுதிய புத்தகத்தில், மாற்று வேண்டாம் என்றவர்களை விதியை நம்பும் மூடர்களாகப் பார்ப்பது தவறு என்று காட்டுகிறார். அவர்கள் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று எடைபோட்டுத்தான் மறுத்தார்கள். நம் அப்பாக்கள் 'எனக்கு வேண்டாம்ப்பா, நான் வாழ்ந்து முடிச்சவன்' என்று சொல்லும்போது அதைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். சில சமயம் பிடிவாதமாகவே இருக்கலாம். சில சமயம், அந்த வீட்டில் எல்லோர் நோட்டையும் படித்துப் பார்த்த ஒரே ஆள் அவராக இருக்கலாம். அவரிடமும் தனி அறையில் உட்கார்ந்து யாராவது கேட்கணும்: நிஜமாகவே வேண்டாமா, இல்லை கேட்கக் கூச்சமா? பதில் எதுவானாலும், அது புரோக்கர் காதுக்குப் போவதற்கு முன்னால் கேட்டுவிடணும்.